அபிட்ஸில் ஒரு துப்பறியும் மாநாடு

ஞாயிறு காலை ஹைதராபாத் அபிட்ஸில் ஷட்டர் இறக்கிய கடைகளுக்கு முன்னால் நடைபாதை முழுக்கப் பழைய புத்தகங்கள். தெலுங்கு நாவலாசிரியர்கள் கொம்மூரி சாம்பசிவராவின் டிடெக்டிவ் யுகந்தரும் மதுபாபுவின் ஷேடோவும் அட்டை கிழிந்து, அகதா கிறிஸ்டிமேல் சாய்ந்து கிடக்கிறார்கள். நம்ம தமிழ்த் துப்பறிவாளர்களில் இந்த ஊருக்கு யார் தேறுவார்? சுஜாதாவின் வக்கீல் கணேஷ் சட்டம் பேசிக்கொண்டிருக்க, அவர் ஜூனியர், வசந்த் ரிசப்ஷனிஸ்டிடம் வழிந்துகொண்டிருப்பான். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கோ டீ இறங்கினால்தான் மூளை ஓடும். தெருவுக்குத் தெரு இரானி சாய் வேறு. கூடவே உஸ்மானியா பிஸ்கட்டும் வந்துவிட்டால் கொலைகாரன் தாராளமாகச் செகந்திராபாத் போய் ரயிலேறிவிடலாம். தேவனின் சாம்பு, பாவம், வங்கி குமாஸ்தா. கோட்டிக்குப் போக, தப்பாக எதிர்த்திசையில் போகும் மெஹதிப்பட்டினம் பஸ்ஸில் ஏறுவார். குற்றவாளியும் அதே பஸ்ஸில்தான் இருப்பான். என் ஓட்டு சாம்புவுக்கே.