கோட்டம் எடுக்கலாம், வாங்க!

கே: சக்கரம் சுற்றும்போது ரிம் இடமும் வலமும் ஆடுகிறது. பள்ளியில் கொடுத்த சைக்கிள். கடைக்குத்தான் போகணுமா? – பிளஸ் ஒன் மாணவி, சீர்காழி

ப: வேண்டாம். கம்பியை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிளைத் திருக ஒரு சாவி, சாக்பீஸ் ஒன்று இருந்தால் வீட்டு வாசலே பட்டறை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். முதலில் ரிம்மைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். அச்சில் 'டொக் டொக்' என்றால் பேரிங்கைப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்காமல் கம்பியைத் தொட்டால் உழைப்பு வீண். அறுந்த கம்பி இருந்தால் அதையும் மாற்றிவிட்டு வாருங்கள்.

கே: சரி, வந்துவிட்டேன். எந்தக் கம்பியைத் திருகுவது? – அதே மாணவி

ப: சாக்பீஸை ஃபோர்க்கோடு சேர்த்து அசையாமல் பிடித்து, ரிம்மின் ஓரத்துக்கு மயிரிழை தூரத்தில் வையுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ரிம் எங்கே சாய்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக்கோடு விழும். வலப்பக்கம் கோடு விழுந்தால், அந்த இடத்தில் ஹப்பின் இடப்பக்கத்துக்குப் போகும் கம்பிகளை இறுக்குங்கள். வலப்பக்கத்துக்குப் போகிறவற்றைத் தளர்த்துங்கள். கோட்டின் நடுவில் கால் சுற்று, ஓரங்களில் அதிலும் பாதி. திரும்பச் சுற்றிப் பாருங்கள், கோட்டை அழியுங்கள், மறுபடி பிடியுங்கள். நிப்பிளை ஒரு முழுச் சுற்றுத் திருகினாலும் கம்பி இழுபடுவது அரை மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் ரிம்முக்கு அது பெரிய இழுப்பு. அவசரக்காரர்கள் அரை மணி நேர வேலையை அரை நாள் செய்வது இந்த இடத்தில்தான்.

கே: இறுக்குவதாக நினைத்துத் தளர்த்திவிடுகிறேன். திசை குழப்புகிறது! – கடைக்காரர், கோவில்பட்டி

ப: நிப்பிளை எப்போதும் சக்கரத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, டயர் பக்கத்திலிருந்து குனிந்து பாருங்கள். கடிகாரச் சுற்று இறுக்கும், எதிர்ச்சுற்று தளர்த்தும். அதே நிப்பிள் அடியில் இருக்கும்போது மேலிருந்து பார்த்தால் திசை தலைகீழாகத் தெரியும். எனவே உச்சியில் மட்டும் வேலை.

கே: இறுக்கிக்கொண்டே போனாலும் ரிம் நேராகுமே, தளர்த்துவானேன்? – திருப்பத்தூர் வாசகர்

ப: பக்கவாட்டில் நேராகும், அந்த இடம் மட்டும் உள்ளே இழுபட்டு வட்டம் கெடும். இன்னும் இறுக்கினால் ஒரு நாள் சக்கரமே அப்பளமாக நெளியும்.

கே: என் எடையைச் சுமப்பது அச்சுக்கு மேலே இருக்கும் கம்பிகளா, கீழே இருப்பவையா? – பொறியியல் மாணவர், காரைக்குடி

ப: அருமையான கேள்வி. மேல் கம்பிகளில் அச்சு தொங்குகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரத்துக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அவர் கணக்கிட்டுக் காட்டியது இது: நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பெரிதாக மாறுவது தரைக்கு நேர் மேலே இருக்கும் சில கம்பிகளின் இழுவிசைதான். அது குறைகிறது, மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. மெல்லிய கம்பி அமுக்கத்தைத் தாங்காது, வளைந்துவிடும். அதனால்தான் முன்கூட்டியே எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைக்கிறோம். இழுவிசை குறைகிற அளவுக்குக் கையிருப்பு வேண்டும் அல்லவா?

இதிலிருந்துதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் வருகிறது. தொளதொளத்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து, மறுபடி விறைக்கிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படி ஆனால், ஹப்பில் மாட்டும் வளைவில் களைத்து அறுந்துபோகும். ரிம் பார்வைக்கு நேராக இருந்து, கம்பிகள் ஒன்று விறைப்பாகவும் ஒன்று தளர்வாகவும் இருந்தால் அந்தக் கோட்டம் சீக்கிரம் திரும்பி வரும். நகத்தால் கம்பிகளை வரிசையாகச் சுண்டிக் கேளுங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் பேச வேண்டும்.

கே: கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் வலப்பக்கச் சுருதி ஏறியே இருக்கிறதே? – சிவகாசி வாசகி

ப: சரியாகத்தான் இருக்கிறது. பல்சக்கரங்களுக்கு இடம் விட்டு ஹப்பின் வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளி இருக்கிறது. ரிம் நடுவில் நிற்க அந்தப் பக்கம் கூடுதலாக இழுக்க வேண்டும். வலத்தை வலத்தோடும், இடத்தை இடத்தோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

கே: கம்பிகளை நேராகப் போடாமல் குறுக்கே பின்னுவது அழகுக்கா? – பெரம்பலூர் வாசகர்

ப: விசைக்கு. மிதிக்கும்போது ஹப் முறுக்குகிறது. நேர்க்கம்பியால் அந்த முறுக்கை ரிம்முக்கு நன்றாகக் கடத்த முடியாது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் காப்புரிமை பெற்ற முறை, இன்றும் உங்கள் சைக்கிளில்.

கே: அப்பாவின் பழைய ராடு பிரேக் சைக்கிள். பிரேக் பிடித்தால் விட்டுவிட்டுக் கவ்வுகிறது. – மன்னார்குடி வாசகர்

ப: இதில் பிரேக் கட்டை ரிம்மின் உட்புறத்தை மேல்நோக்கிக் கவ்வும். ஆகவே பக்க ஆட்டத்தைவிட ஏற்ற இறக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரிம் வெளியே தூக்கும் இடத்தில் இடக்கம்பி, வலக்கம்பி இரண்டையும் சம அளவில் இறுக்குங்கள். இந்த வகை சைக்கிளில் வழக்கமாக முன்னே 32 கம்பி, பின்னே 40. அப்பாவின் சைக்கிள் அல்லவா, நிதானமாக உட்கார்ந்து செய்யுங்கள். துருவேறிய நிப்பிளுக்கு முதல் நாள் இரவே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டை படும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

கே: கோட்டம் எடுத்த மறுநாளே பஞ்சர்! – கடலூர் வாசகி

ப: இறுக்கிய கம்பியின் முனை நிப்பிளைத் தாண்டி டியூபைக் குத்தியிருக்கும். டயரைக் கழற்றி, முனையை அரம் போட்டுத் தேய்த்து, மேலே ரிம் நாடாவை ஒழுங்காகச் சுற்றுங்கள்.

கே: எப்போது நிறுத்துவது? எப்போது கைவிடுவது? – தேனி வாசகர்

ப: ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்து, பிரேக் கட்டை உரசாவிட்டால் சாவியைக் கீழே வைத்துவிடலாம். பள்ளத்தில் விழுந்து நெளிந்த ரிம்முக்குச் சோதனை உண்டு: அந்த இடத்துக் கம்பிகளைத் தளர்த்துங்கள். அப்போதும் நெளிவு நிமிராவிட்டால் வளைந்தது ரிம். நிப்பிள் ஓட்டையில் விரிசல் கண்டாலும் அதே தீர்ப்பு: ரிம்மை மாற்றுங்கள். விரிசல் விட்ட ரிம்மில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.