கடைசித் தட்டு

ஆந்திரத்துக் கார்வேட்டிநகரத்துக்காரரிடம் ஊர்ப் பெருமையைக் கேட்டுப் பாருங்கள். வேணுகோபால சுவாமி கோயில் முதலில் வரும். அடுத்து, அந்தச் சாமியைப் பாடிப் பதங்கள் எழுதிய சாரங்கபாணி. அப்புறம் ராஜாக்கள். அதற்கும் அப்புறம், "நாங்க அப்போ வடார்க்காடு ஜில்லா" என்கிற பெருமூச்சு. பக்கத்தில் நிற்கிற மலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார். கல்லுக்கு என்ன பெருமை? பிரசாதமா கொடுக்கிறது?

ஆனால் இந்தப் பக்கத்து மனுஷ சரித்திரத்தில் ராஜாக்களின் பங்கு கடைசி அரை நொடிதான். அதற்கு முன்னால் பதினைந்து லட்சம் வருஷம் ஓடியது முழுக்க முழுக்கக் கல் வியாபாரம்.

தென்கிழக்கே கொஞ்சம் தள்ளி நகரி மூக்கு இருக்கிறது. சென்னைப் பக்கம் வந்த கப்பல்காரர்கள் கடலிலிருந்தே அதைப் பார்த்துத் திசை பிடித்தார்கள் என்றால் மூக்கின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த மூக்கும் அதைச் சேர்ந்த மலைகளும் குவார்ட்சைட். நூறு கோடி வருஷத்துக்கும் முந்தைய மணல், சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிப்போய்க் கல்லானது. வில்லியம் கிங் என்கிற வெள்ளைக்கார புவியியலாளர் அதற்கு 'நகரி குவார்ட்சைட்' என்றே பெயர் வைத்து 1872-ல் அச்சேற்றிவிட்டார். சினிமா நடிகை எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் நகரிக்கு உலக அளவில் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்தக் கல்தான்.

டைனோசர் காலத்து ஆறுகள் மலையை உடைத்து, உருட்டி, கூழாங்கல்லாக்கித் தெற்கே கொண்டுபோய்க் கொட்டின. இன்று சத்தியவேடு, அல்லிக்குளி பக்கத்து மேடுகளில் கிடப்பது அந்தச் சரக்கு. அங்கிருந்து கல்லெறி தூரத்தில் (இந்தக் கட்டுரையில் இந்த உவமையைத் தவிர்க்க முடியாது) கொசஸ்தலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கம். கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் திருவள்ளூர் மாவட்டத்தில் கரையோரக் கிராமங்களுக்குத் தண்டோரா போடுகிறார்களே, அதே ஆறு. மேலே மலை, நடுவே சரக்குக் கிடங்கு, கீழே பட்டறை. மாநில எல்லை, ஜி.எஸ்.டி., செக்போஸ்ட் ஒன்றும் கிடையாது.

பட்டறை இருந்த விஷயம் 1863 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருஷம் மே 30-ஆம் தேதி, கோடை வெயிலில், புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துச் சரளைக் குழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். சராசரி மனுஷன் அந்த நேரத்தில் மோர் தேடிப் போயிருப்பான். இவர் கல்லைத் திருப்பிப் பார்த்து, இது தானாக உடைந்ததில்லை, எவனோ உடைத்தது என்றார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்கால ஆயுதம் அது. செப்டம்பரில் இவரும் மேலே சொன்ன கிங்கும் அத்திரம்பாக்கம் போனபோது, அங்கே கற்கள் ஓடையில் இறைந்து கிடந்தன. இதில் இன்னொரு தமாஷ்: ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற விஷயம் மருமகனுக்கு வீட்டிலேயே போதிக்கப்பட்டிருக்கும். ஃபூட் ஆயுசு முழுக்கக் கல்லை மட்டும் கண்டார்.

அத்திரம்பாக்கத்து ஆசாமிகள் செய்தது கைக்கோடரி. கண்ணீர்த்துளி வடிவம், இரண்டு பக்கமும் செதுக்கல், ஒரு முனை கூர், மறு முனை பிடித்துக்கொள்ள. தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999-லிருந்து அங்கே தோண்டி, 2011-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட கணக்குப்படி அதன் வயசு சுமார் 15 லட்சம் வருஷம். அதற்கப்புறம் என்ன புது மாடல் வந்தது என்று ஆவலோடு மண்ணடுக்கில் மேலே ஏறிப் பார்த்தால், கைக்கோடரி. இன்னும் மேலே? கைக்கோடரி. கொஞ்சம் சின்னது, கொஞ்சம் நேர்த்தி. பல லட்சம் வருஷம் ஒரே பொருளை விற்றும் நஷ்டமடையாத கம்பெனி உலகத்தில் வேறில்லை. மயிலாப்பூரில் ஒரு காபிப்பொடிக் கடைகூட இவ்வளவு பிடிவாதமாக இருந்ததில்லை.

பிறகு யாரோ ஒரு கிறுக்கன் பிறந்தான். அப்பனுக்கும் அவனுக்கும் நடந்த பேச்சை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

"டேய், கல்லைச் சுத்திச் சுத்தித் தட்டிக்கினே இருக்கிறியே, கோடரி எங்கடா?"

"கோடரி இல்ல நைனா. இது மேல மேடா, ஆமை முதுகு மாதிரி பண்ணிக்கறேன். ஓரத்துல ஒரு இடத்த மட்டும் தேச்சு வெச்சிருக்கேன். அங்க ஒரே தட்டு. எனக்கு வேண்டிய சில்லு, வேண்டிய அளவுல, கூரோட அப்படியே கழண்டு வரும்."

"வரலைன்னா?"

"இன்னொரு கல்லு. மலை பூராக் கல்லுதானே நைனா."

"எங்கப்பன் கோடரி செஞ்சான். அவங்கப்பன் கோடரி செஞ்சான்..."

மிச்சம் நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் பையன் ஜெயித்தான். இதற்கு லெவலுவா நுட்பம் என்று பெயர். பாரிஸுக்குப் பக்கத்து ஊர்ப் பெயர், ஏனென்றால் முதலில் கவனித்தவர்கள் அங்கே இருந்தார்கள். நவீன மனுஷன் ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டைகட்டிக் கிளம்பினபோது, ஒன்றேகால் லட்சம் வருஷத்துக்குள்தான் இந்த வித்தை இந்தியாவுக்கு வந்திருக்கும் என்பது பலருடைய கட்சியாக இருந்தது. 2018-ல் அதே குழு 'நேச்சர்' இதழில், அத்திரம்பாக்கத்தில் அது சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று எழுதியது. முன்பின்னாக 64,000 வருஷம் என்று பிழை எல்லையும் போட்டார்கள். நம் ஊரில் கல்யாண முகூர்த்தம்கூட அவ்வளவு தாராளமாகக் குறிப்பதில்லை. இருந்தாலும் பழைய கட்சிக்கு அடி பலம்.

கல் உடைப்பதை முரட்டு வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை முயன்று பார்க்கட்டும். தட்டுகிற தளத்துக்கும் அடிக்குக் கீழே சில்லு பெயர வேண்டிய முகத்துக்கும் நடுவிலுள்ள கோணம் தொண்ணூறு டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாண்டினால் அடி கல்லுக்குள் போய் முடங்கிவிடும். விளிம்பைத் தேய்த்து மொண்ணையாக்காமல் அடித்தால் ஓரம் பொடியாகும், விசை வீணாகும். எல்லாம் சரியாக அமைந்தால் சத்தமே மாறும்: 'டப்' இல்லை, 'டிங்'. உள்ளே விசை கூம்பாக விரிந்து ஓடி, சில்லின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு குமிழையும் அலை அலையாக வளையங்களையும் விட்டுப் போகும். ஃபூட் பல்லாவரத்தில் படித்த கையெழுத்து இந்த மாதிரித் தடயம்தான். நகரிக் கல்லில் அதுவும் கரடுமுரடாகத் தெரியும். பொடி மணலாகச் சேர்ந்த கல், கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு உடையாது.

கண்ணாடி மாதிரி உடைகிற கல் கிடைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டும். சுமார் 13,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே குளோவிஸ் ஆட்கள், பின்னாலேயே ஃபோல்சம் ஆட்கள். நேர்த்தியான ஈட்டி முனை செய்வார்கள். மெலிசாக, இரண்டு பக்கமும் சமமாக, ஓரமெல்லாம் பல் பல்லாக இழைத்து. இதோடு நிறுத்திக்கொண்டு சாப்பிடப் போகலாம் இல்லையா? போகமாட்டார்கள். வேலையெல்லாம் முடிகிற சமயத்தில் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன மேட்டை விட்டு, அதில் ஒரு தட்டுத் தட்டி, நடுவயிற்றிலிருந்து நீளமாக ஒரே சில்லை உரித்தெடுப்பார்கள். நொங்கைக் கட்டைவிரலால் நோண்டினாற்போல் ஒரு பள்ளம் விழும். பிறகு கல்லைத் திருப்பி, அந்தப் பக்கமும் அதே. ஃபோல்சம் முனையில் பள்ளம் அநேகமாக நுனிவரை ஓடும். நடுவில் மிஞ்சுகிற கல் மூன்று நான்கு மில்லிமீட்டர். தட்டு ஒரு நூல் பிசகினால் அத்தனை நேர உழைப்பும் இரண்டு துண்டு. அவர்கள் உட்கார்ந்து செய்த இடங்களில் இன்றும் அந்தப் பாதித் துண்டுகள் கிடைக்கின்றன. அவை விழுந்தபோது சொல்லப்பட்ட வார்த்தைகள் மட்டும் கிடைக்கவில்லை, பத்திரிகையில் போடவும் முடியாது.

நம்ம ஊர்ப் பையனோடு இதை வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் நாள்பூராத் தயாரித்து ஒரே தட்டை நம்புகிறவர்கள்தான். ஆனால் நம்மவன் பந்தயம் கட்டியது ஆரம்பத்தில். சில்லு சொதப்பினால் போனது ஒரு கூழாங்கல். ஃபோல்சம்காரன் மாப்பிள்ளை ஊர்வலம், சாப்பாடு, மொய் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பெண் சம்மதமா என்று கேட்கிறான். எனக்கு அவனைப் பிடிக்கிறது. ஆனால் என் பணத்தை அத்திரம்பாக்கத்துப் பையனிடம்தான் கொடுத்து வைப்பேன்.

அந்தப் பள்ளத்தை ஏன் எடுத்தான் என்பதில் பண்டிதர்களுக்குள் சண்டை. ஈட்டித் தண்டில் கச்சிதமாக உட்கார என்றனர் சிலர். மெலிந்த அடிப்பாகம் மோதலின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டு நொறுங்கும், அதனால் நுனி தப்பிக்கும் என்று 2017-ல் ஒரு குழு சோதித்துச் சொன்னது. சும்மா சீன் போட்டான் என்றனர் மற்றவர்கள். இந்தக் கடைசிக் கட்சிக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. அமெரிக்கர்களுக்கு மட்டுமே உரிய வித்தை என்று நினைத்திருந்தது, ஏமனிலும் ஓமானிலும் சுமார் 8,000 வருஷத்துப் பழைய அம்புமுனைகளில் இருப்பதாக 2020-ல் அறிவித்தார்கள். நமக்கு எதிர்க்கரை. அங்கே பள்ளத்தை அடியிலிருந்து இல்லாமல் பெரும்பாலும் நுனியிலிருந்து எடுத்திருந்தார்கள். தண்டில் பொருத்த அதனால் தம்பிடி உதவி இல்லை. கைவித்தையைக் காட்டிக்கொள்ளத்தான் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஃபோல்சம் முனையை உலகம் கண்ட கதையும் நியாயமானதில்லை. அடிமையாகப் பிறந்து மாடு மேய்ப்பவராக இருந்த ஜார்ஜ் மெக்ஜங்கின், 1908 வெள்ளத்துக்கு அப்புறம் நியூ மெக்ஸிகோ ஓடைக்கரையில் ராட்சசக் காட்டெருமை எலும்புகளைப் பார்த்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். வந்து பார்க்க எந்தப் பண்டிதருக்கும் நேரமில்லை. 1922-ல் அவர் செத்துப்போனார். 1927-ல் அதே இடத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே கல்முனை செருகியபடி கிடைத்தபோது, பண்டிதர்கள் ரயில் பிடித்து ஓடிவந்தார்கள்.

முனை கிடைத்தது, செய்முறை கிடைக்கவில்லை. செய்முறையைத் திரும்பக் கண்டுபிடிக்கத் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தவர் ஐடஹோவின் டான் கிராப்ட்ரீ. குரு கிடையாது. சுத்தியால் அடித்தார், மான்கொம்பு உளி வைத்து அடித்தார், கல்லைக் கிடுக்கியில் இறுக்கி, ஊன்றுகோல் மாதிரி ஒன்றை நெஞ்சில் கொடுத்து உடம்பு பாரத்தால் அழுத்தினார். எது எது எப்படி எப்படிச் சொதப்பியது என்பதை 1966-ல் பொறுமையாக எழுதியும் வைத்தார். பின்னால் அவருக்கு ஆபரேஷன் என்றபோது, எரிமலைக் கண்ணாடியில் தானே உரித்த பிளேடுகளைக் கொண்டுபோய் சர்ஜனிடம் கொடுத்து, இதனால் அறுங்கள் என்றார். சர்ஜனும் அறுத்தார். நம் ஆஸ்பத்திரிகளில் வீட்டு இட்லியையே உள்ளே விடமாட்டார்கள்.

குரு சிஷ்ய வரிசை அறுபடாமல் இருக்கிற இடம் நம் நாட்டிலேயே உண்டு: குஜராத்தின் கம்பாத். அங்கே அகேட் மணி செய்கிறவர்கள் கல்லைச் சுத்தியால் நேராக அடிப்பதில்லை. தரையில் சாய்வாக நட்ட இரும்புக் கூர்முனையில் கல்லின் விளிம்பை வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் எருமைக்கொம்புச் சுத்தியால் லேசாகத் தட்டுவார்கள். சில்லு முனைப் பக்கமிருந்து பெயரும். பழகப் பல வருஷம் ஆகும். கற்றுக்கொண்ட கைக்குக் கூலி சொற்பம், மூச்சோடு போகிற கல்தூசியால் நுரையீரல் நோய் தாராளம். தொல்லியல்காரர்கள் அவர்கள் மணிக்கட்டை அளந்து கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்கினார்கள்.

நம்ம பக்கத்துக் கதை ரேணிகுண்டாவில் தொடர்கிறது. ரயில் மாறுகிற நேரத்தில் பொங்கல் கிடைக்குமா என்று நாம் அலைகிற அதே ரேணிகுண்டாதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தொல்லியலாளர் எம்.எல்.கே. மூர்த்தி 1960-களில் கடைப் பழங்கற்காலத்து நீளமான மெல்லிய அலகுகளை அள்ளினார். கைக்கோடரி காலம் முடிந்து, ஒரு கல்லிலிருந்து வரிசையாக அலகு உரிக்கிற சிக்கனம் வந்துவிட்டது. மேலே பள்ளம் எடுக்கிற பவிசு மட்டும் இங்கே எவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் குவார்ட்சைட் 'போடா' என்றிருக்கும்.

2018 செய்தி வந்தபோது தமிழ்நாட்டில் சிலர் 3,85,000 வருஷத்துத் தமிழன் என்று மீசையை முறுக்கினார்கள். ஆந்திராக்காரர்கள் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. விழித்தால், கல்லின் பூர்வீகம் நகரி, ஆறு எங்களுடையது, பட்டறை மட்டும் உங்களுடையது என்று ராயல்டி கேட்கலாம். சித்தூரையும் திருப்பதியையும் 2022-ல் இரண்டு மாவட்டமாகப் பிரித்துவிட்டதால், பங்கு கேட்க அந்தப் பக்கமே இரண்டு வரிசை நிற்கும். 1960-ல் திருத்தணியை இந்தப் பக்கம் சேர்த்துத் தகராறு தீர்த்த படாஸ்கர் மாதிரி ஒரு மத்தியஸ்தரிடம் மனுக் கொடுக்கலாம்தான். முதல் கேள்வியே, தட்டின ஆசாமி யார் என்பதாக இருக்கும். அத்திரம்பாக்கத்தில் இத்தனை தோண்டியும் ஒரு மனுஷ எலும்பு கிடைக்கவில்லை. அவன் நம் இனமா, நமக்கு முந்தின இனமா என்பதே முடிவாகவில்லை. மனு அங்கேயே தள்ளுபடி.