நடை சாத்தத் தெரியாத தொண்டர்

பாராட்டு விழாவுக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு ஒரு பெயரைச் சிபாரிசு செய்கிறேன்: எஸ்விசி-ரன். சி மொழியில் எழுதிய பழைய ஆர்பிசி சர்வர்களில் மெயின் ஃபங்ஷன் எல்லா வேலையும் முடித்துவிட்டுக் கடைசியில் கூப்பிடுவது இவரைத்தான். கூப்பிட்டால் வருவார்; வந்தால் போக மாட்டார். கையேட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது: இவர் திரும்புவதே இல்லை. ஐந்து மணிக்கே பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நம் ஊரில் இப்படி ஒருவரா என்று முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குலப்பெருமையும் குறைந்ததல்ல. வேறொரு கணினியில் கிடக்கும் ஃபங்ஷனை நம் வீட்டு ஃபங்ஷன்போலவே கூப்பிடலாம், அதுதான் ஆர்பிசி, என்று பிரெல்லும் நெல்சனும் ஜெராக்ஸ் பார்க்கில் செய்து காட்டி 1984இல் கட்டுரை எழுதினார்கள். சன் நிறுவனம் 1988இல் தன் முறையை ஆர்எஃப்சி 1050 என்று ஊருக்குக் கொடுத்தது. நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ் இன்றைக்கும் அந்த வம்சத்தின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது.

தொடக்க விழாவில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பத்து வரியில் ஒரு எக்ஸ் ஃபைல் எழுதி ஆர்பிசிஜென் என்ற கருவியிடம் கொடுத்தால் போதும், சர்வருக்கான மெயினை அதுவே எழுதித் தந்துவிடும். அந்த மெயின் செய்யும் முதல் காரியம் பிமேப்-அன்செட்: எந்த சர்வர் எந்தப் போர்ட்டில் என்று கணக்கு வைக்கும் போர்ட்மேப்பரிடம் இதே எண்ணில் முன்பு பதிந்திருந்த சர்வரின் பெயரை அடிப்பது. அதாவது பிறந்த கையோடு போன ஜென்மத்துக்குக் கருமாதி. சாகும்போது யாரும் செய்ய மாட்டார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறார்களே, அந்தத் தீர்க்கதரிசனத்துக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும்.

மெயினின் கடைசி வரிகள் இன்னும் அருமை. எஸ்விசி-ரன்னைக் கூப்பிடு என்று ஒரு வரி. ‘எஸ்விசி-ரன் திரும்பிவிட்டது’ என்று எஸ்டிடி-எர்ரில் எழுதச் சொல்லி அடுத்த வரி. அதற்கும் அடுத்தது எக்ஸிட் 1, தோல்வி என்று பொருள். கீழே ஒரு கமெண்ட், இந்த இடத்துக்கு யாரும் வரப்போவதில்லை என்று. நீங்கள் ஒழுங்காக, முறைப்படி, எஸ்விசி-எக்ஸிட் கூப்பிட்டு நிறுத்தினாலும் இதே வரிகள்தான், இதே தோல்விதான். ஓய்வு பெறும் நாளில் மாலைக்குப் பதில் சஸ்பென்ஷன் ஆர்டர் தரும் அலுவலகத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பின்னணியில் ஓடவிடும் சடங்கும் பக்திமயமானது. ஃபோர்க் செய்ததும் தகப்பன் விலகிக்கொள்வார். பிள்ளை செட்-எஸ்ஐடி போட்டு டெர்மினலைத் துறந்து, ரூட் டைரக்டரிக்குக் குடிபோய், எழுதும் வாய் எல்லாவற்றையும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடும். அனாதையை ஒன்றாம் நம்பர் ப்ராசஸ் தத்தெடுத்துக்கொள்ளும். மேலே சொன்ன ‘திரும்பிவிட்டது’ என்ற ஒற்றைப் புலம்பலும் அந்த டெவ்-நல்லுக்குள்தான் போய் விழும். மௌன விரதம் என்றால் இதல்லவா விரதம்!

நிறுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் என்ன செய்வார்? கில் அடிப்பார். சர்வர் போய்விடும், 111ஆம் போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் போர்ட்மேப்பருக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். ஆர்பிசி-இன்ஃபோ போட்டுப் பாருங்கள், இறந்தவர் பெயரும் போர்ட் எண்ணும் பட்டியலில் அப்படியே நிற்கும். கேட்டு வருகிற க்ளையன்ட்டுக்குப் போர்ட்மேப்பர் அந்த முகவரியைத்தான் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பார். செத்தவர் பெயரில் ரேஷன் கார்டு வைத்திருப்பது நம் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன்.

சரி, நிறுத்துவதையே ஒரு ரிமோட் ஃபங்ஷனாக வைத்துவிடலாம் என்று ஒருமுறை கெட்டிக்காரத்தனம் செய்தேன். ஃபங்ஷனுக்குள் எக்ஸிட் போட்டேன். சர்வர் சொன்ன சொல் தட்டாமல் அங்கேயே உயிரை விட்டது, பதில் அனுப்புவதற்கு முன்பே. கட்டளை நிறைவேறியது, க்ளையன்ட்டில் மட்டும் ‘அழைப்பு தோல்வி’ என்று வந்தது.

அடுத்து த்ரெட். மெயின் த்ரெட்டில் பதிவெல்லாம் முடித்து, தனி த்ரெட்டில் எஸ்விசி-ரன்னை உட்கார வைத்தேன். திரும்பவே திரும்பாத பெரியவர் அன்று ஒரு நொடிகூட உட்காரவில்லை, உடனே திரும்பிவிட்டார். ஜிலிப்சி என்ற சி லைப்ரரியின் பழைய பதிப்புகளில் கவனிக்க வேண்டிய சாக்கெட்டுகளின் பட்டியல் த்ரெட்டுக்கு த்ரெட் தனித்தனி. இந்த த்ரெட்டின் இலையில் ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டார். பதிவையும் அதே த்ரெட்டுக்குள் வைத்தால் ஒழுங்காக ஓடுவார், அதில் குறை சொல்ல முடியாது. அப்புறம் மெயினிலிருந்து எஸ்விசி-எக்ஸிட் கூப்பிட்டால், அது தன் த்ரெட்டின் வெறும் இலையைப் பத்திரமாக மடித்துவிட்டுப் போகும். பக்கத்துப் பந்தியில் சாப்பாடு நடந்துகொண்டே இருக்கும். பிறர் விஷயத்தில் தலையிடாத இந்தப் பண்பை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

வாரிசாக வந்த லிப்டிஐஆர்பிசி என்ற லைப்ரரி இந்தப் பட்டியலை எல்லா த்ரெட்டுக்கும் பொதுவாக்கிவிட்டது. அங்கே இன்னொரு நயம். எஸ்விசி-எக்ஸிட் பட்டியலைத் துடைத்துவிடும். ஆனால் பெரியவர் ‘poll’ என்ற கால வரம்பில்லாத காத்திருப்பில் கண்மூடி இருப்பார். யாராவது வந்து கதவைத் தட்டி எழுப்பினால்தான் தான் ஓய்வு பெற்றுவிட்ட செய்தி அவருக்கே தெரியும். ஆகவே சர்வரை நிறுத்துகிறவர்கள் நிறுத்தச் சொன்ன பிறகு சும்மா ஒரு கோரிக்கை அனுப்பி வைப்பது மரியாதை.

2020இல் ஜிலிப்சி 2.32 இவருடைய குடும்பத்துக்கு வழியனுப்பு விழா நடத்தியது. புதிதாக யாரும் இவரை அங்கிருந்து லிங்க் செய்ய முடியாது. ஏற்கெனவே இவரை நம்பி இருக்கும் பழைய பைனரிகள் மட்டும் ஓடலாம் என்று கதவை ஒருக்களித்து வைத்தார்கள். அப்படி ஒருவர் என் பொறுப்பில் இருக்கும் ஒரு மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறார். கிளப்பியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மெஷினை ரீபூட் செய்ய வேண்டும் என்று மூன்று தடவை மெயில் வந்தது. இப்படியொரு தொண்டரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.