ரதிக்கு மீசை எடுத்த கதை

என் வாழ்நாளில் மூன்று நாள் நான் காஸ்டிங் டைரக்டராக இருந்திருக்கிறேன். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, "கொங்கிறீட் போடுற வேலையாப்பா?" என்று கேட்டார்.

கொழும்பிலிருந்து தேயிலை விளம்பரம் எடுக்க ஒரு குழு வந்தது. பேர் வேண்டாம், எனக்குத் தரவேண்டிய காசு இன்னும் வந்தபாடில்லை. வட்டவளை ஸ்டேசனுக்கு மேலே மலையில் கொழுந்து எடுப்பது போல நிற்க இருபது பெண்கள் வேண்டும் என்றார்கள். வட்டவளையில் கொழுந்துக்காரியைத் தேடச் சொல்வதும் பழனியில் மொட்டைத்தலையைத் தேடச் சொல்வதும் ஒன்றுதான். கடை வாசலில் நின்றபடியே இருபத்தெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டேன்.

டைரக்டர் வந்தார், வரிசையாகப் பார்த்தார். "இவங்க யாரும் கொழுந்து பறிக்கிறவங்க மாதிரியே இல்லையே" என்றார். இடுப்பில் படங்கு, தலையில் முக்காடு, அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம். இப்படியெல்லாம் எந்தக் கொழுந்துக்காரியையும் அவர் விளம்பரத்தில் பார்த்ததில்லையாம். கொழும்பிலிருந்து நாலு பெண்கள் வந்து இறங்கினார்கள். சிவப்புச் சேலை, பெரிய பொட்டு, கூடையில் பேருக்குக்கூட ஒரு கொழுந்து இல்லை. முதல் டேக்கில் நாயகி சிரித்துக்கொண்டே முத்தல் இலையை இரண்டு கையாலும் உருவினார். பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்ற ஒரு பெரியம்மாவால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருசப் பழக்கம்.

"அடியே, முத்தலப் புடுங்காத! கங்காணி கூடையக் கொட்டிருவாரு!"

பெரியம்மாவைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் என்னையும்.

காசு வராத கடுப்பில் யோசித்துப் பார்த்தால், ஆள் பிடித்து வேசம் கொடுக்கும் இந்தத் தொழிலில் எங்கள் மலைக்கு இருக்கிற அனுபவம் ஹாலிவுட்டுக்கே கிடையாது. அங்கே இந்த வேலைக்காரர் ஒருவருக்கு, லின் ஸ்டால்மாஸ்டருக்கு, முதன்முதலாக ஒரு கௌரவ ஆஸ்காரைக் கொடுக்க 2016 ஆகிவிட்டது. எங்கள் பெரிய கங்காணியோ கோப்பி காலத்திலேயே கையில் தலைக்காசை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கூட்டி வந்த ஆள் வேலைக்கு நின்ற ஒவ்வொரு நாளுக்கும், ஒரு தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குத் தனியாகக் கொடுத்தது. ஸ்டால்மாஸ்டர் கேள்விப்பட்டிருந்தால் அழுதிருப்பார்.

கங்காணி ஆள் எடுத்த விதமே தனி. தலைப்பாகை, கோட்டு, காதில் கடுக்கன் சகிதம் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்துச் சொந்த ஊருக்குப் போய் இறங்குவார். ஊரில் மழை பொய்த்திருக்கும். 1876இல் தொடங்கிய தாது வருசப் பஞ்சம் போல ஒன்று வந்துவிட்டால் கங்காணி வாயைத் திறக்கவே வேண்டாம், கோட்டே பேசிவிடும். கதையைச் சொல்லமாட்டார், லொக்கேசனை மட்டும் சொல்வார். செடிக்கு அடியில் தோண்டினால் போதும் என்பார். என்ன கிடைக்கும் என்பது கேட்கிறவன் பசியைப் பொறுத்தது. அட்வான்ஸ் கையில் விழும். அந்த அட்வான்ஸ்தான் பிறகு கடனாகிக் கழுத்தைச் சுற்றும். வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் தோட்டத்துத் துரை 'துண்டு' தரவேண்டும். இந்தக் கூட்டத்தின் கடனை அடைத்தால் விடுகிறேன் என்று எழுதிய சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை, படம் முடிந்தாலும் நடிகன் வீட்டுக்குப் போகமுடியாத ஒப்பந்தம்.

இடையில் வெள்ளைக்காரன் இந்த ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்தினான். 1904இல் திருச்சியில் ஆள் சேர்க்க ஓர் ஆபீசே திறந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முந்தி வந்தது தகர வில்லை. சின்ன வட்டத் தகரம், அதில் எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். இன்ன தோட்டத்து ஆள் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கழுத்தில் மாட்டிக்கொண்டால் பேர், ஊர் எதுவும் சொல்லவேண்டாம், அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இன்றைக்கு நடிகர் தேர்வுக்குப் போகிற பிள்ளைகள் நெஞ்சில் நம்பர் குத்திக்கொண்டு செல்பி எடுக்கிறார்கள். எங்கள் பாட்டன் பூட்டனுக்கு நம்பர் கிடைத்தது, செல்பிதான் கிடைக்கவில்லை.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் தினம் காலையில் தேர்வு உண்டு. அதற்குப் பேர் பெரட்டு. பெரட்டுக் களத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மழையில் நிற்கவேண்டும். மழைக்குப் பேர்போன ஊரில் 'மழையில்' என்று தனியாகச் சொல்வதே வீண். கணக்கப்பிள்ளை பார்வையாலேயே பாத்திரங்களைப் பிரிப்பார். நீ கவ்வாத்து, நீ புல்லுவெட்டு, நீ மருந்து, நீ ஸ்டோருக்குப் போ. பிந்தி வந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். சொல்லிவைத்தாற்போல நல்ல வேசமெல்லாம் ஒரே ஆள்களுக்கே போகும். சினிமாக்காரர்கள் இதையெல்லாம் எங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும்.

நிஜ சினிமாக்காரர்களும் வந்தார்கள். 1953இல் 'எலிஃபன்ட் வாக்' படத்துக்காக விவியன் லீ இலங்கைக்கு வந்தார். கதை தேயிலைத் தோட்டத்துத் துரையின் புதுப்பெண்சாதி பற்றியது. யானைப் பாதையை மறித்துக் கட்டிய பங்களாவுக்கு அந்த அம்மா வாழ வருகிறார், கடைசியில் யானைகளும் வருகின்றன. பாதிப் படத்தில் விவியன் லீக்கு மனநிலை சரியில்லாமல் போக, எலிசபெத் டெய்லரைப் போட்டு முடித்தார்கள். ஆனால் தூரத்திலிருந்து எடுத்த காட்சிகளை வீணாக்க மனசு வரவில்லை. ஆகவே அந்தப் படத்தில் துரைச்சாணி தூரத்தில் நடந்தால் விவியன் லீ, கிட்டே வந்தால் டெய்லர். பங்களாவின் தலைமை வேலைக்காரர் அப்புஹாமியாக நடித்தவர் பர்மாவில் பிறந்த ஆபிரகாம் சோபேர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரும் தேர்வாகவில்லை, காரணம் கேட்கவேண்டாம். யானை விசயத்திலும் எங்கள் மலைக்கு ஒரு பழைய பாக்கி உண்டு. மேஜர் ரோஜர்ஸ் என்று ஒரு துரை இந்தப் பக்கத்து யானைகளில் 1,400க்கு மேல் சுட்டுத் தள்ளியதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகள் அன்றைக்கு என்ன செய்தன என்று யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்தது நம்ம ரோட்டுக்கே வந்துவிட்டது. வட்டவளையிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் கித்துல்கல. அங்கேதான் டேவிட் லீன் 'குவாய் நதிப் பாலம்' எடுத்தார். 1957இல் பாலத்தையும் ரயிலையும் சேர்த்து வெடிக்கவைத்தார்கள், படத்துக்கு ஏழு ஆஸ்கார். சயாம் மரண ரயில்பாதையின் கதை அது. நிஜப் பாதையைப் போட ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரை வாரிக்கொண்டு போனான். அதில் திரும்பி வராதவர்களே ஏராளம். படத்தில் பார்த்தால் பாலம் முழுக்க வெள்ளைக்காரச் சிப்பாய்கள் விசிலடித்துக் கட்டியது. இத்தனைக்கும் தோட்டத் தமிழன் வேண்டுமென்றால் பஸ்ஸில் ஒரு நடை மேலே வந்திருந்தால் போதும், என்னைப் போல ஓர் ஆள் கடை வாசலில் நின்றே பிடித்துக் கொடுத்திருப்பான்.

இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர்கள் இரண்டு பிரதமர்கள். 1964 அக்டோபரில் இலங்கையின் சிறிமாவும் இந்தியாவின் சாஸ்திரியும் உட்கார்ந்து எங்கள் ஆள்களைப் பிரித்தார்கள். 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு. மிச்சம் 1,50,000 பேரை "பிறகு கூப்பிடுறோம்" என்று விட்டுவிட்டார்கள். பத்து வருசம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள், ஆளுக்குப் பாதி. சினிமாவிலோ, 1975இல் 'புதிய காற்று' படம் வந்தபோதுதான் தோட்டக் கதைக்குத் தோட்டத்துப் பக்கமிருந்தே ஒரு கதாநாயகன் கிடைத்தார். தொழிற்சங்கத் தலைவர் வீ.பி. கணேசன் தானே தயாரித்துத் தானே நடித்தார். ஆள் தேடும் செலவு மிச்சம்.

ஆனால் லயத்துக்காரன் தன் ஆளைத் தானே தேர்ந்தெடுத்த மேடை ஒன்று எப்போதும் இருந்தது. அது காமன் பொட்டல், சிவன் மன்மதனை எரித்த கதையைக் கூத்தாக ஆடும் இடம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றிவிட்டால், ரதி யார், மன்மதன் யார், எமன் யார், வீரபத்திரன் யார் என்பதைக் கூத்து மாஸ்டர் முடிவு செய்வார். துரைக்கும் அதில் வாய் கிடையாது. எங்கள் தாத்தா அந்த மாஸ்டர்.

தாத்தா ஆள் பார்ப்பது பெரட்டுக் களத்தில்தான். வேலைக்குப் பேர் போடும்போது இவர் ஓரமாக நின்று வேசத்துக்குப் பேர் போட்டுக்கொண்டிருப்பார். வீரபத்திரனுக்கு, கயிறு கட்டி நாலு பேர் இழுத்துப் பிடித்தாலும் திமிறுகிற ஆள் வேண்டும். எமனுக்கு அலையவேண்டியதில்லை, கணக்கப்பிள்ளையைப் போல ஒருமுறை செருமிக்காட்டத் தெரிந்தால் போதும். ரதிதான் பாடு. அந்த வருசம் அவர் கண் ஸ்டோரில் ரோலருக்கு நிற்கிற ஒரு மச்சான்மேல் விழுந்தது. வெயில் படாத மேனி, அட்டை கடிக்காத கால். ஒரே குறை, எம்.ஜி.ஆர். மாதிரி பென்சில் மீசை வைத்திருந்தார். கீழ் லயத்தில் அந்த மீசைக்கு ஒரு ரசிகை இருந்தது ஊருக்கே தெரியும்.

"மாமா, மீசைய மட்டும் விட்டுருங்க. மாவு பூசி மறைச்சிக்கிறேன்."

"ரதிக்கு ஏதுடா மீசை? சிவபெருமான் நெத்திக்கண்ணத் தொறந்தா மொதல்ல ஒன்னத்தான்டா எரிப்பாரு."

மூன்று நாள் பேச்சுவார்த்தை. கம்பத்துக்கு முன்னால் நிற்கவைத்துக் காப்பைக் கட்டிவிட்டார் தாத்தா, மறுத்தால் சாமிக் குற்றம். மீசை போனது. மன்மதனாக நின்றவர் இந்த மச்சானின் அக்கா புருசன். மரக்கறித் தோட்டத்து எல்லை விசயத்தில் இரண்டு பேருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தாத்தாவுக்கு அதுவும் தெரியும். அவனை எரிக்கும்போது இவன் எப்படி அழுகிறான் என்று பார்க்கலாம் என்பது அவர் கணக்கு.

விடிய நாலு மணிக்கு மன்மதன் எரிந்தான். தப்புச் சத்தம் அடங்கியது. ரதி தரையில் விழுந்து புரண்டு அழுதார் பாருங்கள், பொட்டலில் ஒரு கண் காயவில்லை. பச்சைப் பிள்ளையைப் பறிகொடுத்ததுபோல அழுகை. பாட்டு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த எங்கள் பாட்டிதான் மெல்லச் சொன்னார்: "புருசனுக்கா அழுவுறான்? மீசைக்கு அழுவுறான்டி."

காலையில் அவர் காதோரம் ரோஸ் பவுடர் போகாமலே பெரட்டுக்கு ஓடினார். கணக்கப்பிள்ளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, புது ஆளா? செக்ரோல்ல ஒம் பேர் இல்லையேப்பா."

அடையாளம் சொல்லி, சாட்சிக்கு நாலு பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. ரதிக்கு அன்றைக்கு அரைப் பேர்தான்.