நோயாளிக்கும் ஒரு வெட்டுப்புள்ளி

இந்த நாட்டில் ஒரு பிள்ளை டொக்டராக வருவதென்றால் பட்டியல் பட்டியலாக ஏற வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்ததும் இஸட் புள்ளி. தசமத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம். அந்த நாலாவது இலக்கத்தில் ஒன்று குறைந்துபோனதற்காக ஒரு கிழமை செத்தவீடு கொண்டாடிய குடும்பங்கள் வெள்ளவத்தையில் உண்டு. அதற்கு மேல் கோட்டா: 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பீடத்துக்குள் காலடி வைத்தால் இன்டெக்ஸ் நம்பர். வாட்டுக்குப் போகும் காலம் வந்தால் குரூப் பட்டியல்: எந்தக் குரூப், எந்த வாட்டு, எந்த கன்சல்டன்ட், எத்தனை கிழமை. பிள்ளைகள் இதை ‘அப்பொயின்ட்மென்ட்’ என்பார்கள். மெடிசின் அப்பொயின்ட்மென்ட், சேர்ஜரி அப்பொயின்ட்மென்ட், கடைசி வருடத்தில் புரொபெசோரியல் அப்பொயின்ட்மென்ட். பாஸ் பண்ணினால் உள்ளகப் பயிற்சிக்குத் திறமைப் பட்டியல். அதுவும் முடிந்தால் எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள் என்பதற்கு இன்னொன்று.

குரூப் பட்டியல் வெளிவரும் இரவில் வட்சப் எரியும். அந்த சேர் நல்லாப் படிப்பிப்பார், ஆனால் வாயைத் திறந்தால் மானம் போகும். இந்த மெடம் காலை ஏழு மணிக்கே வாட்டில் நிற்பா. அங்கே போனால் ஒன்றும் பார்க்கக் கிடைக்காது, கட்டில் பாதி காலி. கட்டில் காலியாக இருப்பது துக்கச் செய்தியாக ஆவது உலகத்தில் இந்த ஒரு தொழிலில்தான். பெட்டிக்கடைக்காரன்கூட வியாபாரம் இல்லை என்றால் நாலு பேருக்குக் கேட்க இவ்வளவு பச்சையாகப் புலம்ப மாட்டான். பிறகு மாற்றிக்கொள்ளும் படலம். நீ அந்த வாட்டை எனக்குத் தா, நான் உனக்கு ஒப்ஸ் அன்ட் கைனியைத் தாறன். பெரிய டொக்டர் மாமா உள்ள பிள்ளைக்கு மாமா வழியாக ஒரு தொலைபேசி அழைப்பும் போகலாம். நான் ஒருவரையும் சொல்லவில்லை. மாமாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

பட்டியலைப் போட்டவர்கள் பாவம், இன்டெக்ஸ் நம்பர் வரிசைப்படிதான் போடுகிறார்கள். கணக்கு சுத்தம். மாணவருக்கு வாட்டு கிடைத்தது, வாட்டுக்கு மாணவர் கிடைத்தார். கட்டிலில் கிடக்கிறவருக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அந்தத் தாளில் நிரல் இல்லை.

கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். தெரிந்தவரைப் பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆச்சி, ஜம்பட்டா வீதிப் பக்கம். இருதயத்தில் வால்வுக் கோளாறு. சத்தம் நல்லாக் கேட்குமாம், அதனால் அன்றைக்கு ஆச்சிதான் வாட்டின் நட்சத்திரம். சுற்றிவர வெள்ளைக் கோட்டுகள். ஒவ்வொருவராக வந்து சட்டைக்கு மேலால், பிறகு சட்டையை விலக்கி, ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் காதைக் கூர்மையாக்கி, தலையாட்டி நகர்ந்தார்கள். திரை இழுக்கவில்லை. இழுக்கத் திரையும் இல்லை. ஏழோ எட்டோ பேர் முடிந்தபோது ஆச்சி வாயைத் திறந்தார்: “இன்னும் எத்தின பேர் மகன் இருக்கீங்க? கொஞ்சம் குளிருது.” படிப்பித்துக்கொண்டு நின்றவர் சிங்களத்தில் கேட்டார், என்ன சொல்கிறா என்று. அந்தக் குரூப்பிலே தமிழ் தெரிந்தது ஒரே ஒரு பையனுக்கு. அவன் ஆச்சியைப் பார்த்தான், சேரைப் பார்த்தான். ஒன்றுமில்லை சேர் என்றான். அடுத்த ஸ்டெதஸ்கோப் வந்தது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவன் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளன். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. அரசியலமைப்பில் ஏறிய மொழி வாட்டுக் கதவுக்கு மேலே அறிவிப்புப் பலகையிலும் ஏறியது, எழுத்துப் பிழைகளோடு. கட்டிலுக்கு அருகே மட்டும் அது இன்னும் ஒரு மாணவப் பிள்ளையின் தயவில் நிற்கிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருத்துவம் படிக்கப் போகிற சிங்களப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசியாவது நோயாளியிடம் ஹிஸ்டரி, அதாவது வருத்தத்தின் வரலாறு, எடுக்கிறார்கள், வேறு வழியில்லை. கொழும்பில் தமிழ் தெரியாத காரணத்துக்காக லோங் கேஸ் பரீட்சையில் கோட்டை விட்டவர் ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை. நோயாளி சொன்னது விளங்கவில்லை என்றால் அங்கே பிழை நோயாளியின் பக்கம்: ஹிஸ்டரி சரியாகச் சொல்லத் தெரியாதவர்.

இனி நம்முடைய பக்கத்துக்கு வருவோம். வெள்ளவத்தை ஏன் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை? ஏனென்றால் வெள்ளவத்தை சனல் பண்ணுகிறது. காலையில் அரச வாட்டில் பன்னிரண்டு மாணவர்களோடு ஆச்சியைச் சுற்றி நின்ற அதே கன்சல்டன்ட் மாலையில் தனியார் ஆஸ்பத்திரியில் நமக்காகக் காத்திருக்கிறார். ஏ.சி. அறை, இழுத்து மூடிய கதவு, கூட ஒரு மிஸ்ஸி. மாணவர் ஒருவரும் இல்லை. நம்முடைய நெஞ்சுச் சத்தத்தை ஒரே ஒருவர் கேட்பதற்குத்தான் அந்தக் காசு. கொடுக்க முடியாத கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் கிராண்ட்பாஸும் காலையில் உடம்பைத் திறந்து காட்டுகின்றன. அந்த உடம்பிலே படித்துத்தான் நம் பிள்ளைகள் டொக்டராகி, மாலையில் கதவை மூடிக்கொண்டு நம்மைப் பார்க்கிறார்கள். டியூஷனுக்குக் கொடுத்த காசை ரூபா சதம் பிசகாமல் சொல்லிக் காட்டுகிற அப்பாமார், பிள்ளைக்கு ஈரலின் விளிம்பைத் தடவிப் பார்க்கப் படிப்பித்த வயிறு யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. படிப்பித்தவர் பெயர் தெரியாது. ஃபீஸ் கேட்காத மாஸ்டர்.

தொட்டுப் பார்க்காமல் டொக்டராக முடியாது, அதை நான் மறுக்கவில்லை. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவ பீடத்தைச் சுற்றிப் பெரியாஸ்பத்திரியும், டீ சொய்சா பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியும், லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியும் நிற்பது அதற்காகத்தான். யாரைத் தொட்டு, யாரிடம் கேட்டு என்பதுதான் வழக்கு.

அந்த வழக்கை இந்த நாடு 2017இல் நடத்தியது. நடத்தியதே தெரியாமல் நடத்தியது. மாலபேயில் டொக்டர் நெவில் பெர்னாண்டோ தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரி, சைட்டம். 2011இல் வர்த்தமானி மூலம் பட்டம் வழங்கும் தகுதி. கட்டிடம் இருந்தது, காசு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். போதாமல் போனது ஒன்றே ஒன்று: நோயாளி. காசு கொடுத்துப் படுக்கிறவர் மாணவரைத் தொட விடமாட்டார். தொட விடுகிறவரிடம் அங்கே போய்ப் படுக்கக் காசில்லை. எந்த முதலாளிக்கும் பிடிபடாத கணக்கு இது. மார்பிளில் தரை போடலாம், ஏழ்மையைத் தருவித்துக் கட்டிலில் போட முடியாது. சட்ட மருத்துவத்துக்குப் பிரேதம்கூட அரசாங்கத்திடம்தான் இருக்கிறது. மரண விசாரணைக்குப் போகும் உடம்பு தனியார் ஆஸ்பத்திரிக்கு வராது. கடைசியில் அரச வாட்டுகளில் எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் தாருங்கள் என்று கேட்க வேண்டி வந்தது. க்ளினிக்கல் பயிற்சி போதாது என்று இலங்கை மருத்துவ சபை பதிவுசெய்ய மறுத்தது. 2017 ஜனவரி 31ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிவுசெய்யச் சொன்னது. அவ்வளவுதான், நாடு பற்றிக்கொண்டது.

அரச மருத்துவ பீட மாணவர்கள் மாதக்கணக்கில் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தார்கள். அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. எந்த வருடத்தில்? டெங்கு 186,000 பேரைத் தாண்டிப் பிடித்து, 400க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன வருடத்தில். இலவசக் கல்வியைக் காப்பாற்ற இலவச மருத்துவத்தைப் பூட்டிவிட்டு நின்றார்கள். காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மட்டக்குளியிலிருந்து ஓட்டோவில் வந்தவளுக்கு, உன் பிள்ளையின் எதிர்காலத்துக்காகத்தான் ஓபிடி மூடியிருக்கிறது என்று யார் விளக்கிச் சொன்னார்களோ. ஜூன் 21ஆம் திகதி மாணவர்கள் சுகாதார அமைச்சுக்குள் புகுந்தார்கள், பொலிஸ் தடியால் அடித்தது, காயப்பட்ட பலரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாதக்கணக்காக வாட்டுப் பக்கம் போகாத பிள்ளைகள் அப்படித்தான் வாட்டுக்குத் திரும்பினார்கள். கட்டிலில் படுத்துப் பார்ப்பதும் ஒரு அப்பொயின்ட்மென்ட்தான், பாடத்திட்டத்தில் இல்லையே தவிர.

அந்த வருட இறுதியில் சைட்டத்தை மூடுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது. 2018இல் பிள்ளைகள் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். அதே வருடம் செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் பட்டதாரிகளைப் பதிவுசெய்யச் சொன்னது. இது முதல் கூத்தும் அல்ல. 1980களில் ராகமையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி, அதற்கும் இதே கூச்சல், 1989இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, இன்று அதுதான் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம். ஒவ்வொரு தடவையும் சுலோகம் கல்வியைப் பற்றியது, நீதிமன்றம் பட்டத்தைப் பற்றியது, பத்திரிகை அமைச்சரைப் பற்றியது. இத்தனை பேரும் அடிபட்டது எதற்கு என்று ஒரு சொல்லில் சொன்னால், கட்டிலில் கிடக்கிற ஏழையை யார் தொட்டுப் படிப்பது என்பதற்கு. அந்த ஏழையிடம் ஒரு பக்கமும் கையெழுத்துக் கேட்டுப் போகவில்லை. நான் அறிய, நோயாளிகளின் பெயரில் ஒரு பதாதைகூடப் பிடிக்கவில்லை.

வெள்ளைக்காரன் நாட்டில் இதை ஒளிக்காமல் செய்கிறார்கள். 2008இல் கரீபியன் தீவொன்றின் தனியார் மருத்துவக் கல்லூரி, செயின்ட் ஜோர்ஜஸ், நியூயோர்க் நகரத்து அரச ஆஸ்பத்திரிகளோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டது: மாணவர்களை வாட்டில் நிற்க விடுவதற்குப் பத்துக் கோடி டொலர் வரை. உள்ளூர் மருத்துவக் கல்லூரிகள் எங்கள் இடம் போய்விடும் என்று கொதித்தன. ஏழை நோயாளியின் பக்கத்தில் நிற்பதற்கு விலை உண்டு என்று அங்கே குறைந்தபட்சம் பற்றுச்சீட்டு எழுதினார்கள். கட்டிலில் கிடந்தவருக்கு எத்தனை டொலர் என்று கேட்டு என்னைச் சிரிக்க வைக்காதீர்கள்.

ஆகவே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் பணிவன்புடன் ஒரு யோசனை. மாணவருக்கு இவ்வளவு விஞ்ஞானபூர்வமாகச் செய்தீர்கள், நோயாளியை மட்டும் ஏன் ஒழுங்கில்லாமல் விட்டீர்கள்? அவருக்கும் இஸட் புள்ளி போடுங்கள். இருதயச் சத்தத்துக்கு ஒரு புள்ளி, ஈரல் வீக்கத்துக்கு ஒன்று, அபூர்வ வருத்தத்துக்கு மேலதிகம், சிங்களத்தில் ஹிஸ்டரி சொன்னால் போனஸ், குளிருது என்று முறையிட்டால் கழிவு. 40 வீதக் கட்டில் திறமைக்கு, 55 மாவட்டத்துக்கு, 5 பின்தங்கியவர்களுக்கு. கொழும்பு மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி கூட என்பதால், வெறும் சீனி வருத்தத்தோடு வருகிற கொட்டாஞ்சேனைக்காரனுக்கு இங்கே இடம் கிடையாது. அதே சீனியோடு முல்லைத்தீவில் போய்ப் படுத்தால் எடுபடும், ஆனால் கடைசி மூன்று வருடம் அங்கேதான் வருத்தக்காரனாக இருந்தார் என்பதற்கு அத்தாட்சிக் கடிதம் வேண்டும். வெட்டுப்புள்ளிக்காக மாவட்டம் மாறிப் பரீட்சை எழுதியும் எழுத வைத்தும் பழகிய நமது ஆட்கள் நோயாளிகளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுப்பார்கள். காலி வீதியில் டியூட்டரி திறக்க ஆளுக்கா பஞ்சம்? ‘நல்ல இருதய மேர்மர் ஆறே மாதத்தில், நேரடி வகுப்பு, மீள்பரிசோதனை இலவசம்.’

யோசனை பிடிக்கவில்லை என்றால் மலிவாக இன்னொன்று இருக்கிறது. அடுத்த குரூப் பட்டியலை மாணவர்களுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு வாட்டிலும் நோயாளிகள் கண்ணில் படுகிற மாதிரி ஒரு தாளையும் ஒட்டுங்கள். இன்றைக்கு உங்களைத் தொட்டுப் பார்க்கப் போகிறவர்கள் இத்தனை பேர். இவர்கள் இன்னும் டொக்டர் இல்லை. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், அதனால் உங்கள் வைத்தியம் குறையாது. சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில், எழுத்துப் பிழையில்லாமல். கூடவே ஒரு திரைத்துணி.

இதை ஒரு பெரிய டொக்டரிடம் சொன்னேன், மாலையில், சனல் பண்ணிப் போய்த்தான். சிரித்துக்கொண்டே கேட்டார். நல்ல யோசனைதான், ஆனால் நடைமுறைக்கு வராது என்றார். ஏன் என்றேன்.

“கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே.”