நான் திறந்து மூடிய பூட்டு

கட்டற்ற மென்பொருள் பற்றி ஒரு கல்லூரியில் ஒரு மணி நேரம் முழங்கினேன். டிவோ கதைக்குக் கைதட்டல்கூட விழுந்தது. டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்கும் அமெரிக்கப் பெட்டி அது. உள்ளே லினக்ஸ். லினக்ஸின் ஜிபிஎல் உரிமம் கேட்டபடி மூலநிரலைக் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒரு வரியைத் திருத்தி ஏற்றிப் பாருங்கள். பெட்டி நிரலின் மின்கையொப்பத்தைச் சோதித்துவிட்டு, ஓடவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலைக்கு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 'டிவோயைசேஷன்' என்று பெயரே வைத்தார். 2007 ஜூனில் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகச் சாதனம் விற்பவர் திருத்திய நிரலை ஏற்றும் வழியையும் சேர்த்துத் தர வேண்டும் என்றது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை. நிரலைத் திருப்பித் தந்தால் போதும், பெட்டியை எப்படிச் செய்வது என்பது செய்பவர் பாடு என்பது அவர் கட்சி. லினக்ஸின் மையமான கர்னல் இன்றும் 1991-ல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், உங்க ஆண்ட்ராய்டு போன்லயும் அதே கர்னல்தானே? மாத்திட்டீங்களா?"

"மாத்திட்டிருக்கேன்மா" என்றேன். அதுவரை நான் மாற்றியிருந்தது வால்பேப்பர்.

மானம் போய்விடக் கூடாதே என்று அன்றிரவே இறங்கினேன். கர்னல் என்பதெல்லாம் பெரிய பேச்சு. என் ஆசை சின்னது. வாங்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த, நீக்கவே முடியாத ஒரு குமிழி உடைக்கும் விளையாட்டை ஒழித்துக்கட்ட வேண்டும். அதற்கு முதலில், போனை எழுப்பிவிடும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறக்க விண்ணப்பித்தால், ஏழு நாள் பொறு என்றது. என் காசில் வாங்கிய போனுக்கு நானே போட்ட மனு!

எட்டாம் நாள் இரவு, எல்லாத் தரவும் அழியும் என்று கறுப்புத் திரையில் எச்சரிக்கை வந்தது. தொடுதிரை வேலை செய்யாது. ஒலிப் பொத்தானை அழுத்தித்தான் 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் நடுவே நகர வேண்டும். கால் மணி நேரம் நகர்ந்தேன்.

"படமெல்லாம் எடுத்து வெச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"எல்லாம் எடுத்தாச்சு." படங்களை எடுத்திருந்தேன். வாட்ஸ்அப்பை மறந்திருந்தேன்.

புது இயங்குதளம் ஏறியது. குமிழி ஒழிந்தது. என் சுதந்திரம் மறுநாள் காலை ஆறரை மணி வரை, அதாவது டீக்கடை வரை, செழித்தது. ஸ்கேன் செய்யலாம் என்று வங்கிச் செயலியைத் திறந்தால், இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது என்று மூடிக்கொண்டது. பாதுகாப்பற்றது! முதன்முறையாக அதற்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்த போன் அது. (தெரியும் என்பது கொஞ்சம் அதிகம். ஒரு பக்கம் படித்தேன், தூக்கம் வந்துவிட்டது.)

"பரவால்ல சார், நாளைக்குக் குடுங்க" என்றார் கடைக்காரர். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் 'பரவால்ல' மட்டும் காணாமல் போயிருந்தது. ஜிபிஎல்லின் எந்தப் பதிப்பிலும் டீக்கடை பாக்கிக்கு ஷரத்து இல்லை.

அன்றிரவு பழைய இயங்குதளத்தை ஏற்றி, என் கையாலேயே பூட்லோடரைப் பூட்டினேன். தரவு இரண்டாம் முறை அழிந்தது. இந்தத் தடவை கேட்க ஆளில்லை, மனைவி தூங்கிவிட்டிருந்தாள். போன் எழுந்தது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் குமிழி, பழைய இடத்திலேயே. அறிவிப்புகள் அனுப்ப அனுமதி உண்டா என்று கேட்டது.

'அனுமதி'யை அழுத்தினேன்.