தேனீயின் வயிற்றில் ஒரு காவல்காரன்

கேள்வி: பள்ளிப் பிள்ளைகள் மரபணுப் பொறியியல் செய்து தேனீயைக் காப்பாற்றப் பார்க்கிறார்களாமே, உண்மையா? எங்கள் லேபில் பிப்பெட்டைத் தொட்டாலே அதட்டல்தான்! (பிளஸ் ஒன் மாணவி, தேனி)

தேனியிலிருந்து தேனீயைப் பற்றிக் கேள்வி! இந்த வாரம் முதல் இடம் உங்களுக்குத்தான். உண்மைதான், தங்கச்சி. ‘ஐஜெம்’ என்றொரு உலகப் போட்டி இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு வகுப்பாகத் தொடங்கி, மறு ஆண்டே 5 அணிகளின் போட்டியானது. பிறகு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. நோயைக் கண்டுபிடிப்பது, பயிரைக் காப்பது, தேனீயைக் காப்பது என்று எதையாவது தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஒரு வருடம் உழைக்கிறார்கள். 2013-ல் தைபேயின் யாங்-மிங் பல்கலைக்கழக மாணவர்கள், தேனீயின் குடலைத் தாக்கும் நோசிமா என்ற நுண்ணுயிரை எதிர்க்க ஈ.கோலை பாக்டீரியாவை மாற்றியமைக்கும் திட்டத்தோடு வந்தார்கள். அதற்கு வைத்த பெயர் ‘பீ.கோலை’. பெயர் வைப்பதிலேயே பாதி வெற்றி!

கேள்வி: தேனீக்கு அப்படி என்ன பெரிய எதிரி? (ஓய்வுபெற்ற தபால்காரர், அரியலூர்)

வரோவா என்ற உண்ணி. செம்பழுப்பு நிறம், கடுகை விடச் சிறியது. ஆனால் தேனீயின் உடம்போடு ஒப்பிட்டால், நம் மார்பில் ஒரு சாப்பாட்டுத் தட்டு ஒட்டிக்கொண்டிருப்பது போல. அது ரத்தம் குடிக்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். தேனீக்கு ஈரல்போல உதவும் கொழுப்புத் திசுவைத்தான் தின்கிறது என்று 2019-ல் தெரிந்தது. புழு இருக்கும் அறையை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன் உள்ளே நுழைந்துவிடும். மூடிய அறைக்குள் முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும். போகிற போக்கில் சிறகுச் சிதைவு வைரஸையும் பரப்பிவிடும். பாதிக்கப்பட்ட தேனீ அறையை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, கசக்கிப் போட்ட காகிதம் போல இருக்கும் அதன் சிறகு. பறக்க முடியாமல் பெட்டி வாசலில் ஊர்ந்து கிடக்கும். ஒரே ஒரு தடவை அதைப் பார்த்தால் போதும், அந்த மாணவர்கள் ஏன் விடுமுறையிலும் லேபில் கிடக்கிறார்கள் என்று புரியும்.

கேள்வி: அப்படியென்றால் தேனீயின் மரபணுவையே மாற்றிவிடுகிறார்களா? பயமாக இருக்கிறது. (இல்லத்தரசி, காரைக்கால்)

இல்லை அம்மா. இதில் என் மனத்தைக் கவர்ந்ததே அதுதான். மாற்றப்படுவது தேனீ இல்லை, அதன் குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. ஸ்நோட்கிராசெல்லா என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் தேனீயின் வயிற்றில் சுகமாக இருக்கிறது.

வழி இதுதான். இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு உடம்புக்குள் வந்தால், உயிரணு அதைத் துண்டாக்கி வைத்துக்கொண்டு, அதே எழுத்து வரிசை எங்கே தென்பட்டாலும் வெட்டிப் போட்டுவிடும். காவல் நிலையச் சுவரில் ஒட்டிய ‘தேடப்படும் குற்றவாளி’ படம் மாதிரி. இந்த ரகசியத்தை 1998-ல் வெளியிட்ட ஆண்ட்ரூ ஃபயர், கிரேக் மெல்லோ இருவருக்கும் 2006-ல் நோபல் பரிசு. வைரஸின் எழுத்துகளைக் கொண்ட அந்தப் படத்தை இடைவிடாமல் அச்சடித்துக்கொண்டே இருக்கும்படி பாக்டீரியாவுக்குக் கற்றுக்கொடுத்தால்? டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி மோரன் குழு அதைச் செய்து காட்டி 2020-ல் வெளியிட்டது. வைரஸ் ஏற்றப்பட்ட தேனீக்கள் 10-ஆம் நாள் வரை பிழைத்திருக்கும் வாய்ப்பு 36.5% கூடியது. உண்ணியைக் குறிவைத்த இன்னொரு பாக்டீரியாவைச் சுமந்த தேனீக்களைத் தின்ற உண்ணிகள் 10 நாளுக்குள் சாகும் வாய்ப்பு சுமார் 70% அதிகம்.

பள்ளி மாணவர்கள் கால் வைக்கக்கூடிய இடம் இது. ஒரு சின்ன டி.என்.ஏ. வளையத்தை வடிவமைத்து, பாக்டீரியாவுக்குள் அனுப்பி, 35 டிகிரி சூட்டில் தட்டுகளில் வளர்த்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் புள்ளி முளைத்ததா என்று எட்டிப் பார்க்க வேண்டும். தேனீக் கூட்டில் புழுக்கள் வளரும் நடுப்பகுதியின் சூடும் ஏறத்தாழ அதே 35 டிகிரிதான். அறையை விட்டு வந்த புதுத் தேனீயின் குடலில் பாக்டீரியா அநேகமாக இருக்காது. சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்தால் குடியேறிவிடும்.

கேள்வி: தேனீக்குத் தடுப்பூசி வந்துவிட்டதாமே? யார் அந்த ஊசியைப் போடுவது? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

ஊசியே கிடையாது! சாப்பாட்டில் கலந்து ராணிக்கு ஊட்டினால், அவள் இடும் முட்டைகள் வழியாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். புழுக்களை அழுகவைக்கும் ஒரு பாக்டீரியா நோய்க்கு எதிராக 2023 ஜனவரியில் அமெரிக்கா நிபந்தனையோடு உரிமம் தந்தது.

கேள்வி: நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெட்டி வைத்திருக்கிறோம். நம் நாட்டுத் தேனீக்கும் இந்த உண்ணி வருமா? (தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்)

ஐயா, அந்த உண்ணியின் பூர்வீக வீடே உங்கள் இந்தியத் தேனீயின் இனம்தான். கூடவே வாழ்ந்து பழகியதால் அது உண்ணியைக் கடித்து உதறும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும். மேற்கத்தியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது உண்ணி அதன் மேல் தாவியது. பழக்கமில்லாத அந்தத் தேனீ தவித்துப்போனது. நம் தேனீயை வாட்டியது வேறொன்று. 1990-களின் தொடக்கத்தில் தாய் சேக்புரூட் வைரஸ் வந்து தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலி செய்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதுவும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான் என்பதால், ஐஜெம் பிள்ளைகள் பழகும் வித்தை ஒருநாள் உங்கள் பெட்டிக்கும் உதவக்கூடும் என்று மனதார நம்புகிறேன்.

கேள்வி: மாற்றிய பாக்டீரியா வெளியே தப்பிவிட்டால்? (வழக்கறிஞர், திருவள்ளூர்)

நியாயமான பயம். அது தேனீக் குடலுக்குப் பழகிய உயிர், வெளியே பிழைப்பது கடினம். ஆனால் தேனீக்குத் தேனீ தொற்றும், அதனால் கவனம் வேண்டும்தான். ஐஜெம் விதிப்படி மாற்றிய எந்த உயிரையும் ஆய்வகத்துக்கு வெளியே விடக்கூடாது. மாணவர்கள் இந்த வயதில் அந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே கற்கிறார்கள் என்பதால்தான், இவர்கள் கையில் இதைக் கொடுக்கலாம் என்கிறேன்.

கேள்வி: சரி, பிப்பெட் இல்லாத நான் எங்கே தொடங்குவது? (மறுபடியும் அதே தேனி மாணவி)

ஒரு தேனீப் பெட்டிக்காரரிடம் தொடங்குங்கள். போட்டிக்குப் போகும் அணிகளும் அப்படித்தான் தேனீ வளர்ப்போரை நேரில் பார்த்துக் கேட்கின்றன. உண்ணியிடம் தவிக்கும் மேற்கத்தியத் தேனீயான இத்தாலியத் தேனீ வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. ராணி இல்லாத சட்டத்திலிருந்து அரை டம்ளர் தேனீ எடுக்கச் சொல்லுங்கள். சுமார் 300 இருக்கும். வலை மூடி போட்ட ஜாடியில் விட்டு, பொடித்த சர்க்கரை தூவி மெதுவாகக் குலுக்குங்கள். உண்ணியின் பிடி நழுவும். கவிழ்த்தால் வெள்ளைத் தட்டில் செம்பழுப்புப் புள்ளிகள் விழும். எண்ணுங்கள். 9-ஐத் தாண்டினால் பெட்டிக்காரரிடம் உடனே சொல்லுங்கள். தேனீக்களைத் திரும்பக் கூட்டில் விட்டுவிடுங்கள். மாவில் புரண்ட பிள்ளைகள் போல வெள்ளையாக நடந்து போகும். அக்கா தங்கைகள் சூழ்ந்துகொண்டு சர்க்கரையை நக்கியே சுத்தமாக்கிவிடுவார்கள்.